கைப்பிடிக்குள்ள ஒரு எறும்பு

எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா? முட்டி வலி, முதுகு வலியெல்லாம் சொன்ன பேச்சு கேக்குதா? வீட்டுல சின்னதுங்களுக்கு சளி இருமல் எதுவும் இல்லையே? சரி, அவங்கவங்க இருக்குற எடத்துலயே வசதியா உக்காந்துக்கோங்க. கையில டீ இருந்தா ஆற விட்டுடாதீங்க. ஒரு கப்பும் ஒரு ஜக்கும் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போறேன்.

ஒரு ஏலக்கடை. முன்னாடி பெரிய கூடம், நாற்காலி வரிசை, ஏலம் போடுற முதலாளிக்கு ஒரு மர மேடை. பின்னாடி ஒரு அறை. அதுல ஒரு நீட்டு மேசை, மேசை மேல மடிச்சுப் போட்ட பழைய கம்பளி. கம்பளி எதுக்குன்னா, பீங்கான் சாமான் இடிபட்டு ஓரம் தெறிச்சிடக் கூடாதுன்னு. அந்த மேசைக்கு முன்னாடிதான் நம்ம அக்கா உக்காந்திருப்பா. கடையில அவளுக்கு பேரே குறிக்கார அக்கா. மூட்டை தூக்குற ஆளுங்க, "அக்கா, என் பொண்ணுக்கு எப்ப வரன் அமையும்னு பாத்து சொல்லு"ன்னு கையை நீட்டி கிண்டல் பண்ணுவாங்க. "மொதல்ல அந்தக் கையை கழுவிட்டு வா, ஒரே தூசு"ம்பா.

அவ பாக்குற குறி வேற. ஊர் ஓரத்துல முன்னாடி ஒரு பீங்கான் ஃபேக்டரி இருந்துச்சு. தட்டு, கப்பு, ஜாடி, ஜக்கு எல்லாத்துலயும் பொம்பளைங்க கையாலயே பூவும் குருவியும் வரைஞ்சு சூளையில வெப்பாங்க. கவுத்துப் பாத்தா அடியில ஃபேக்டரி முத்திரை இருக்கும். அது பக்கத்துலயே பொடிசா தூரிகையால இழுத்த ஒரு குறி. ஒருத்திக்கு சீப்பு, ஒருத்திக்கு கொக்கி, ஒருத்திக்கு சுருள். வரைஞ்சவ பேரு விளங்கணும்னு யாரும் போட்டது இல்ல. வாரக் கடைசியில யாரு எத்தனை முடிச்சான்னு எண்ணி கூலி போடணுமே, அதுக்கு. ஃபேக்டரியை மூடி ரொம்ப காலம் கழிச்சு, அந்த சாமானையெல்லாம் சேத்து வெக்கிற ஆளுங்க கிளம்பினாங்க. கூலிக்கு போட்ட குறி திடீர்னு பெரிய மனுஷங்க கையெழுத்தா ஆயிப்போச்சு. இது சுருள், இது சீப்புன்னு பிரிச்சு சொல்ல ஒரு ஆள் வேணும்னு ஆச்சு. அதுக்குத்தான் நம்ம அக்கா.

அக்கா ஒரு நாளும் தூரிகை புடிச்சதில்ல. ஃபேக்டரியில வரைஞ்சது அவ தங்கச்சி, சின்னவ. வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் அக்கா என்ன பண்றதுன்னு தெரியாம சுவத்தைப் பாத்து உக்காந்திருந்தப்ப, இந்த வேலை வந்துச்சு. தங்கச்சிதான் கூட உக்காந்து ஒவ்வொண்ணா கவுத்துக் காட்டி சொல்லிக் குடுத்தா. "சுருள் போட்டிருந்தா எங்ககூட வரைஞ்ச சுருட்டை. கொக்கி, அந்த மூக்குத்திக்காரி. மூணு புள்ளியை ஒரு கோட்டுல கோத்து ஆறு காலு போட்ட எறும்பு இருந்தா அது யாருன்னு நெனைக்கிற? நாந்தான்!" அக்காவுக்கு சட்டுனு புடிபட்டுடுச்சு. அதுலேந்து ஒரு குறியையும் அவ தப்பா சொன்னதில்ல. ஆனா ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கிச்சு. எங்க போனாலும், யாரு எதைக் குடுத்தாலும், கை தானா தூக்கி அடியைப் பாக்கும். கல்யாண வீட்டுல சம்பந்தியம்மா மடியில காபியை கொட்டின கதையெல்லாம் உண்டு.

அந்தத் தங்கச்சி போய் சேந்துட்டா. நல்லா இருந்தவதான். காலையில தலை சுத்துதுன்னு படுத்தா, எழுந்திருக்கல. அந்த வீட்டுல அழுகையும் கூச்சலுமா இருந்தப்ப, யாரோ அக்கா கையில தண்ணி டம்ளரை குடுத்தாங்க. அவ பாட்டுக்கு டம்ளரை தலைகீழா கவுத்து அடியைப் பாத்தா. தண்ணி பூரா புடவையில. சுத்தி இருந்தவங்க பாவம், புத்தி பேதலிச்சுடுச்சுன்னு நெனச்சாங்க. அவளுக்கு ஈரமே தெரியல.

அதுக்கப்புறமும் அப்படியே. பல் டாக்டர் ஊசி போட்டதும் நம்ம கன்னத்தை நாமளே தொட்டா யாரு கன்னமோன்னு தோணுமே, அந்த மாதிரி ஒடம்பு பூரா. அழுகை வரல. பசிச்சா சாப்பிட்டா. பஸ் வந்தா ஏறினா. கடைக்கு வந்தா கவுத்தா, பாத்தா, சீட்டு எழுதி ஒட்டினா, அடுத்ததை எடுத்தா. "ரெண்டு நாள் வீட்டுல இருங்களேன் அக்கா"ன்னு முதலாளி சொன்னதுக்கு, "வீட்டுல கவுத்துப் பாக்க ஒண்ணும் இல்ல சார்"னா. அவர் சிரிக்கிறதா வேணாமான்னு தெரியாம போயிட்டாரு.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் தங்கச்சி வீட்டுக்காரர் வந்தாரு, கூட அவர் பொண்ணு. பின்னாடியே வண்டியில அட்டைப்பெட்டி பெட்டியா பீங்கான் சாமான். பொண்ணுக்கு வெளிநாட்டுல வேலை. இவரும் வீட்டை காலி பண்ணிட்டு அண்ணன் வீட்டோட போறாரு.

"அண்ணி, இதுல அவ கையால வரைஞ்சது எதெதுவோ அதை மட்டும் எடுத்து வைங்க. மத்ததை ஏலத்துல போட்டுடுங்க"ன்னாரு. "எனக்கு எது அவளுதுன்னு தெரியாது. இத்தனை வருஷம் இதுலதான் சாப்பிட்டேன், ஒரு தடவ கேட்டிருப்பேனா பாருங்க."

"பாத்து எடுக்குறேன் தம்பி."

பொண்ணு பெட்டிங்களையே பாத்துக்கிட்டு நின்னா. அவளுக்கு வெவரம் தெரியுறதுக்குள்ள ஃபேக்டரியை மூடிட்டாங்க. அம்மா வரைஞ்சு ஒரு தடவகூட பாத்ததில்ல. "பெரியம்மா, எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். பெட்டியில துணிக்கு நடுவுல வெச்சு எடுத்துட்டுப் போயிடுவேன். சின்னதா இருந்தாலும் பரவால்ல"ன்னா.

"அதுக்கென்னடி"ன்னா அக்கா.

அன்னைக்கே உக்காந்துட்டா. ஒவ்வொரு பெட்டியா பிரிச்சு, பழைய பேப்பரை உருவி, கம்பளி மேல வரிசையா எல்லாத்தையும் தலைகீழா அடுக்கினா. சுருள். சீப்பு. சுருள். கொக்கி. இலை. சுருள். ஜக்கு ஒண்ணு, பெரிசு, அதுவும் சுருள். கப்பு எல்லாம் சீப்பும் கொக்கியும். கடைசிப் பெட்டி வரைக்கும் பாத்தாச்சு. ஒரு எறும்புகூட இல்ல.

மறுபடியும் மொதல்லேந்து பாத்தா. லென்சு வெச்சுப் பாத்தா. இல்ல.

வேற யாரா இருந்தாலும் மனசு திக்குன்னு இருந்திருக்கும். இவளுக்கு ஒண்ணும் இல்ல. இல்லைன்னா இல்ல. சீட்டு எழுதினா: சுருள், சீப்பு, கொக்கி.

பொண்ணு சாயங்காலம் வந்தப்ப அதையேதான் சொன்னா. "ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் கூட வேலை பாத்தவங்களோடது."

"நல்லா பாத்தீங்களா பெரியம்மா?"

"என் வேலையே அதானேடி. வேணும்னா ஒண்ணு பண்றேன், ஏலத்துக்கு எறும்பு போட்டது அப்பப்ப வரும். ஒண்ணு புடிச்சு அனுப்புறேன்."

பொண்ணு வேணாம்னு தலையாட்டினா. அப்புறம், "ஊரு ஜனத்துக்கு வரைஞ்சது எனக்கெதுக்கு? எங்களுக்குன்னு ஒண்ணாவது வீட்டுக்கு எடுத்துட்டு வந்தாங்களான்னுதான் கேட்டேன். சிநேகிதிங்க வரைஞ்சதை இத்தனை வாங்கி அடுக்கினவங்களுக்கு, தன் கையால ஒண்ணு எங்களுக்கு வெக்கணும்னு தோணலையே"ன்னா. கோவமா சொல்லல. கணக்கை முடிச்ச மாதிரி சொன்னா. பையை எடுத்து தோள்ல மாட்டிக்கிட்டு, "சரி பெரியம்மா, சனிக்கிழமை கெளம்புறேன்"னு போயிட்டா.

அவ போன பக்கமே பாத்துட்டு இருந்துட்டு, அக்கா அடுத்த தட்டை எடுத்து கவுத்தா.

கப்பு தட்டெல்லாம் சில்லறை சாமான்னு ஒரே குவியலா சேத்து, அந்த வாரமே சின்ன ஏலத்துல விட்டாங்க. எவனோ நடைபாதையில கடை போடுறவன் மொத்தமா அள்ளிட்டுப் போனான். ஜக்கை மட்டும் முதலாளி வெள்ளிக்கிழமை பெரிய ஏலத்துக்கு எடுத்து வெச்சாரு. சுருட்டை வரைஞ்ச குருவின்னா சாமான் சேக்குறவங்க மத்தியில அப்படி ஒரு மவுசு. அதுலயும் எல்லா ஜக்குலயும் கெளையில ரெண்டு குருவிதான் இருக்கும், இதுல மூணு. "சுருள் குறி, மூன்று குருவி ஜக்கு, அபூர்வம்"னு அச்சடிச்சே குடுத்துட்டாரு. அக்காவுக்கு மூணு குருவின்னே அதைப் படிச்சப்பதான் தெரியும். அவதான் ஜக்கை நிமித்தவே இல்லையே!

வெள்ளிக்கிழமை காலையில, ஏலத்துக்கு முன்னாடி வர்றவங்க சாமானை தொட்டுப் பாத்துக்கலாம். கூட்டத்துல ஒரு குண்டு அம்மா, நரைச்ச சுருட்டை முடி, நேரா பின்னறைக்கே வந்துட்டா. யாருன்னு பாத்தா சுருட்டை! மகளுக்கு பிரசவம்னு வேற ஊர்ல இருந்தவளுக்கு சேதியே லேட்டாதான் தெரிஞ்சிருக்கு. வந்ததும் அக்காவைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஒரு பாட்டம் அழுதா. அக்கா கட்டை மாதிரி நின்னு அவ முதுகைத் தட்டிக் குடுத்தா. போனது அக்காவோட தங்கச்சி, ஆறுதல் சொல்றதும் அக்காவேதான்.

அழுது முடிச்சு மூக்கைச் சிந்திட்டு, "வா, உன் கூடத்தை சுத்திக் காட்டு. என் சாமான் என்னமோ மாலை மரியாதையோட நிக்குதாமே"ன்னா சுருட்டை. போனாங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஜக்கு நிமிந்து நின்னுச்சு, கீழ அச்சடிச்ச சீட்டு.

சுருட்டை குனிஞ்சு பாத்தா. அப்புறம் இடுப்புல கையை வெச்சுக்கிட்டு அப்படி ஒரு சிரிப்பு. கூடத்துல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

"எந்தப் புண்ணியவான் எழுதினது இது?"

"நாந்தான்."

"நீயா? ஏன்க்கா, கண்ணு இருக்கா இல்லையா? இது எங்க நான் வரைஞ்சேன்? என் குருவி இவ்வளவு ஒல்லியாவா இருக்கும்? என்னை மாதிரியேதானே இருக்கும்!"

"அடியில சுருள் இருக்கு."

"இருக்கும். நானா போட்டேன்? உன் தங்கச்சி போட்டா."

சுருட்டை அக்காவைப் பக்கத்துல இருந்த பெஞ்சுல உக்கார வெச்சு சொன்னா.

"கேட்டுக்கோ. லேசா பழுது இருக்குற சாமானை ஃபேக்டரி கேட்டுக்குப் பக்கத்துல செகண்ட்ஸ் கடை போட்டு எங்களுக்கே மலிவா குடுப்பாங்க. ஆனா ஒரு சட்டம். அவளவ வரைஞ்சதை அவளவ வாங்கக் கூடாது. ஏன்னா, வேணும்னே ஓரத்துல ஒரு தட்டு தட்டி செகண்ட்ஸ்ல தள்ளிடுவோமாம். வாட்ச்மேன் ஒவ்வொண்ணா கவுத்துப் பாப்பான். உன் குறி இருந்துச்சோ, புடுங்கி வெச்சுக்குவான். அப்போ வீட்டுக்கு ஆசைப்பட்டு ஒண்ணு வரைஞ்சா எப்படி எடுத்துட்டுப் போறது? எனக்கு வேணும்னா நான் வரைஞ்சு அடியில எறும்பு போடுவேன். அவளுக்கு வேணும்னா அவ வரைஞ்சு சுருள் போடுவா. கூலியும் சமமாப் போயிடும். எங்க வீட்டுல எறும்பு போட்டது அலமாரி நிறைய இருக்கு, ஒண்ணுகூட அவ வரைஞ்சது இல்ல. எல்லாம் என் கை!"

"அப்போ அவ வீட்டுல இருந்த சுருளு, சீப்பு..."

"சீப்பு, கொக்கி, இலை எல்லாம் எங்க கூட்டுக் களவாணிங்கதான். அவ வீட்டுல இருந்தது பூரா அவளுதுதான்க்கா. அடுத்தவ வரைஞ்சதை அவ எதுக்கு காசு குடுத்து வாங்கப் போறா? மகா கெட்டிக்காரி!"

அக்கா கையைப் பாத்துக்கிட்டிருந்தா. "எங்கிட்ட ஏன் சொல்லல? எல்லா குறியும் சொல்லிக் குடுத்தவ, இதை ஏன் சொல்லல?"

சுருட்டை சிரிப்பை நிறுத்திட்டா. "சொல்லலாம்னு நான்தான் சொன்னேன். அவ கேக்கல. 'அக்கா இப்பதான் ஒரு வேலையைப் புடிச்சு எழுந்து நடமாடுறா. குறி பொய் சொல்லும்னு தெரிஞ்சா, ஒவ்வொண்ணுக்கும் பயந்துக்கிட்டு உக்காந்துடுவா. விட்டுடுங்கடி'ன்னா. எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டா."

கூடத்துல யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டாங்க. அக்கா எழுந்து கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஜக்கை எடுத்தா. கை பழக்கத்துல கவுக்கப் போச்சு. சுருட்டை பட்டுனு புடிச்சா.

"அட, மறுபடியும் அடியையா பாப்ப? வாட்ச்மேனுக்குப் பொறந்தவளே! கைப்பிடியோட உள்பக்கம் பாரு. விரல் நுழையுற எடம்."

அக்கா ஜக்கை வெளிச்சத்துக்குத் திருப்பினா. கைப்பிடி வளைவோட உள்பக்கத்துல, யாரு கண்ணுக்கும் படாத எடத்துல, கறுப்பா பொடிசா ஒண்ணு. மூணு புள்ளி, ஆறு காலு.

"அவ மட்டும்தான் இப்படி பண்ணுவா. அடியில எங்க குறி, ஒளிவு மறைவா எங்கயாவது அவ எறும்பு. மத்தவங்களுக்கு அவ்வளவு தெகிரியம் கெடையாது. இந்த மூணாவது குருவி இருக்கு பாரு, வாயத் தொறந்துக்கிட்டு கத்துதே, அது அவ பொண்ணு. பால்குடி மறக்காத புள்ளையை விட்டுட்டு வேலைக்கு வந்து, 'இப்ப அழுவுமோ, இப்ப அழுவுமோ'ன்னு எங்க காதை தின்னா. அப்ப வரைஞ்சது."

வாயத் தொறந்த குருவியை அக்கா கட்டை விரலால தொட்டுப் பாத்தா. தொட்டது தெரிஞ்சுது. வழவழன்னு, சில்லுனு. அவ்வளவுதான். பெரிசா ஒண்ணும் உள்ள நடக்கல. ஆனா சனிக்கிழமை, சனிக்கிழமைன்னு மட்டும் மண்டைக்குள்ள ஓட ஆரம்பிச்சுது. நாளைக்கு அந்தப் பொண்ணு கெளம்புறா. அம்மாவுக்கு நம்ம நெனப்பே இல்லன்னு முடிவு பண்ணிட்டுக் கெளம்புறா. அப்படி நெனைக்க வெச்சது யாரு? பெரியம்மாவோட ஒரு சீட்டு.

முதலாளிகிட்ட போய் நின்னா. "சார், அந்த ஜக்கு ஏலத்துக்கு வேணாம். எடுத்துடுங்க."

அவர் மேடையில பேப்பரை அடுக்கிட்டிருந்தாரு. "என்னக்கா விளையாடுறீங்களா? முன்வரிசை பூரா அதுக்குத்தான் வந்து உக்காந்திருக்கு."

வெவரத்தை சொன்னா. அவர் தாடையைச் சொறிஞ்சாரு. "குறி சுருள்தானே? நாம சொன்னது குறியைத்தானே? கையைப் பத்தி யாரு கேட்டா?"

"வாங்குறவங்க அந்தக் கைக்குத்தான் சார் வாங்குறாங்க."

"சரி, உங்க வீட்டு சாமான், எடுத்துக்கோங்க. ஆனா காரணம் சொல்லாம எடுத்தா, வெளிய தனியா வித்துட்டான்னு என்னைப் பேசுவாங்க. அக்கா தப்பா சொல்லிட்டாங்கன்னு மைக்குல சொல்லணும். சொன்னா என்னாகும் தெரியுமா? இத்தனை வருஷம் நீங்க சொன்ன அத்தனையையும் தூக்கிட்டு வந்து நிப்பாங்க. யோசிச்சுக்கோங்க."

"நானே ஏலத்துல கேட்டா?"

"நம்ம ஆளுங்க யாரும் கேக்கக் கூடாதே. உங்களுக்குத் தெரியாததா?"

பின்னாடியே வந்து நின்ன சுருட்டைக்கு சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துடுச்சு. "அடேங்கப்பா, எங்க செகண்ட்ஸ் கடை சட்டம் இங்கயும் இருக்கா!" அக்காவை ஓரமா இழுத்து காதுக்குள்ள சொன்னா. "இதுக்கு ஏன் மெனக்கெடுற? நான் கேக்குறேன். என் பேர்ல எடுத்து உன் கையில குடுத்துடுறேன். யாருக்கும் எதுவும் தெரிய வேணாம், உன் வேலைக்கும் பங்கம் இல்ல. நாங்க எப்பவும் பண்றதுதானே?"

நல்ல வழிதான். யாரா இருந்தாலும் தலையாட்டியிருப்பாங்க. அக்காவும் ஆட்டத்தான் போனா. ஆனா கையில இருந்த அச்சடிச்ச சீட்டு கண்ணுல பட்டுச்சு. சுருள் குறி. அப்படியே வித்தா, சுருட்டை வரைஞ்சதுன்னே ஏலப் புத்தகத்துல ஏறிடும். நாளைக்கு அந்தப் பொண்ணு அந்த நாட்டுல யார்கிட்டயாவது காட்டினா, கவுத்துப் பாத்து, 'இது வேற ஒருத்தருது'ன்னுதான் சொல்லுவாங்க. பெரியம்மா மனசு ஆத்துறதுக்கு கதை கட்டியிருக்கான்னு அவளே நெனச்சாலும் நெனைப்பா.

"வேணாம் சுருட்டை. சின்னவ ஏற்கனவே ஒரு தடவ இதை அடுத்தவ பேர்லதான் வாங்கிட்டு வந்தா. போதும்."

ஏலம் ஆரம்பிச்சுது. ஜக்கு மொறை வந்ததும் முதலாளி தொண்டையைக் கனைச்சாரு. "இந்த சாமான் ஏலத்துலேந்து விலக்கப்படுது. குறி சுருள், ஆனா வரைஞ்ச கை அது இல்ல. வரைஞ்சது எறும்பு. எங்க குறிக்கார அக்கா சொன்னதுல தப்பு நேந்துடுச்சு."

கூடம் சலசலன்னு ஆயிடுச்சு. "குறிக்காரிக்கே குறி தப்பிடுச்சா!"ன்னு பின்வரிசையில ஒரு குரல். முன்வரிசையில தடிச்ச கண்ணாடி போட்ட ஒரு மனுஷன் எழுந்தே நின்னுட்டாரு. "அப்போ போன வருஷம் உங்களை நம்பி நான் வாங்கின தட்டு என்னம்மா ஆவுறது?"

அக்கா கூடத்து ஓரத்துல நின்னு பதில் சொன்னா. குரல் ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. "கொண்டு வாங்க சார். இந்த தடவ நிமித்தி வெச்சுப் பாக்குறேன்."

மேல மேல ரெண்டு மூணு பேரு என்னென்னமோ கேட்டாங்க. சுருட்டை எழுந்து, "யோவ், சுருள் குறிக்காரி நானே உயிரோட நிக்குறேன், அது என்னுது இல்லைங்கறேன், இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"னு ஒரு சத்தம் போட்டா. எல்லாரும் திரும்பி அவளைப் பாத்து வாயப் பொளந்தாங்க. சுருள் குறிக்காரி உயிரோட இருக்கான்னே பாதி பேருக்குத் தெரியாது. ரெண்டு பேரு கையெழுத்து கேட்டாங்க. "மொதல்ல டீ வாங்கிக் குடுங்கய்யா"ன்னா.

அக்கா ஃபோன் போட்டு வரச் சொல்ல, சாயங்காலம் பொண்ணு வந்தா. மேசை மேல கம்பளியில ஜக்கு நிமிந்து நின்னுச்சு. அக்காவுக்கு சுத்தி வளைச்சு பேச வரல. "நான் தப்பா சொல்லிட்டேன்டி. இது உங்கம்மா வரைஞ்சது. உங்களுக்காக வரைஞ்சது. அந்தக் குட்டி குருவி நீ. கைப்பிடிக்குள்ள விரலை விட்டுப் பாரு"ன்னா.

பொண்ணு விரலை விட்டா. அப்புறம் குனிஞ்சு பாத்தா. எறும்பைப் பாத்ததும் அப்படியே தரையில உக்காந்துட்டா. சுருட்டை பக்கத்துல உக்காந்து, வாட்ச்மேன் கதை, செகண்ட்ஸ் கதை, பால்குடிக் கதை எல்லாத்தையும் மொதல்லேந்து சொன்னா. பொண்ணு அழுதா, நடுவுல சிரிச்சா, மறுபடியும் அழுதா. "நான் அவ்வளவா கத்தினேன்?"னா. "ஃபேக்டரி வரைக்கும் கேட்டுச்சு"ன்னா சுருட்டை.

அக்கா பாத்துட்டு நின்னா. மூட்டை தூக்குற ஆள் எல்லாருக்கும் டீ கொண்டு வந்து வெச்சாரு. அக்கா குடிச்சா. கடைசி வாய் குடிச்சிட்டு கப்பை வெக்கப் போனவ, அப்படியே நின்னுட்டா. காலி கப்புக்குள்ள பாத்துக்கிட்டே நின்னா.

தங்கச்சி வீட்டுல அவளுக்குன்னு ஒரு கப்பு இருந்துச்சு. எப்ப போனாலும் அதுலதான் டீ. வேற கப்பை எடுத்தா சின்னவ புடுங்கி வெச்சுட்டு, "இது உன்னுது இல்ல"ன்னுட்டு அதைத்தான் எடுத்துக் குடுப்பா. மொத நாளே கவுத்துப் பாத்தாச்சு, சீப்பு. அப்புறம் அதைப் பாக்க என்ன இருக்கு? ஆனா டீ தீந்ததும் கப்புக்குள்ள, அடியில, கறுப்பா ஒரு துணுக்கு தெரியும். சூளையில விழுந்த தூசுன்னு நெனச்சா. "பழுதான கப்பையா அக்காவுக்குன்னு வெச்சிருக்க?"ன்னுகூட ஒரு தடவ கேட்டா. சின்னவ வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சா. எதுக்கு இப்படி சிரிக்கிறான்னு அக்காவுக்கு அப்ப விளங்கல.

நடைபாதைக் கடைக்காரன் நம்பரை முதலாளிகிட்ட வாங்கி ஃபோன் போட்டா. "கப்பா? அதெல்லாம் அன்னைக்கே போயிடுச்சும்மா. யாரு வாங்கினாங்கன்னு நான் எங்க பாத்தேன்? கேட்டவங்களுக்கு பேப்பர்ல சுத்திக் குடுத்தேன்"னான்.

"பூ என்ன கலர்னாவது ஞாபகம் இருக்கா?"

"உங்களுக்கே தெரியலையாம்மா?"

தெரியல. அத்தனை வருஷம் அதுல குடிச்சிருக்கா. வெளிப்பக்கம் பூவா, குருவியான்னுகூட தெரியல. ஃபோனை வெச்சுட்டா.

பொண்ணு சனிக்கிழமை கெளம்பிட்டா. ஜக்கை துணிக்கு நடுவுல வெக்கலையாம். மடியிலயே வெச்சுக்கிட்டுப் போனாளாம், அவங்கப்பா வந்து சொன்னாரு. அக்கா தலையாட்டினா. அழுதாளான்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. மறுநாளும் கடைக்கு வந்தா. கண்ணாடிக்காரர் தட்டைத் தூக்கிட்டு வந்து நின்னாரு. அவர் பின்னாடி இன்னும் நாலஞ்சு பேரு. ஒவ்வொண்ணா வாங்கி, நிமித்தி வெச்சு, ரொம்ப நேரம் பூவைப் பாத்தா. "தெரியல சார்"னு ரெண்டு பேர்கிட்ட சொன்னா. இதுக்கு முன்னாடி அவ வாயிலேந்து வராத வார்த்தை.

ஒண்ணு மட்டும் மாறிடுச்சு. யாரு எதைக் குடுத்தாலும் இப்பல்லாம் அவ கவுக்குறதில்ல. கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சிட்டு, உள்ள பாக்குறா. டீக்கடையில, ஆஸ்பத்திரி கேன்டீன்ல, எங்க போனாலும். ஒண்ணும் இருக்காதுன்னு தெரிஞ்சேதான் பாக்குறா.

உங்க வீட்டு அலமாரியிலயும் பழைய கப்பு, ஜாடின்னு யாரோ வெச்சுட்டுப் போனது இருக்குமில்ல? அடியைப் பாத்தது போதும். கொஞ்சம் நிமித்தி, உள்ள, கைப்பிடி வளைவுல, மூடியோட உள்பக்கத்துலன்னு பாருங்க. உங்களுக்குன்னு யாராவது ஏதாவது ஒளிச்சு வெச்சிருந்து, லேட்டா கண்டுபுடிச்ச கதை இருந்தா எனக்கு எழுதுங்க. பிழை பாக்காம, பேசுற மாதிரியே எழுதுங்க. உள்ள கறுப்பா துணுக்கு மாதிரி ஒண்ணு இருக்குற கப்பு யார்கிட்டயாவது இருந்தா, அவங்க மொதல்ல எழுதுங்க.